மீட்டரில் விழாத கடி

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அந்த அறைக்குள் இருபத்தெட்டு வருஷம் இருந்தவள் நான். சோதனையை எப்படிச் செய்வதென்று எழுதப் போவதில்லை. அதற்கு விதிப்புத்தகம் இருக்கிறது, என்னைவிடத் தெளிவாகச் சொல்லும். மகேஸ்வரியைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அவளுக்கு நடந்ததில் என் கையெழுத்து இருக்கிறது. அதனால் அதை நான்தான் சொல்ல வேண்டும்.

நாம் செய்வது லேப்டாப் அடாப்டர். வாங்கினவர்கள் அதைச் சுவரில் செருகுகிறார்கள், வேலை முடிந்ததும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அடாப்டர் சும்மா தொங்குகிறது. சும்மா தொங்கும்போதும் அது கொஞ்சம் கரண்டைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். ஒரு வீட்டில் அது ஒன்றுமில்லை. ஊர் ஊராக, நாடு நாடாகச் சேர்ந்தால் அதற்கென்றே மின்நிலையங்கள் எரிய வேண்டியிருக்கும். அதனால்தான் நம்முடைய அளவு அடாப்டருக்கு அந்த விதி வந்தது: சும்மா இருக்கும்போது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குடிக்கக் கூடாது. நல்ல விதி. இன்றைக்கும் நான் அந்த விதியின் பக்கம்தான்.

எங்கள் அடாப்டர் அந்த வரம்புக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் மூன்று வாரத்தில் புது விதிப்படி சரக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவரிடம் பேசியவர் எங்கள் மேனேஜர். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவரின் மகன். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது; அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையை இங்கே சொல்தா வீட்டுப் பிள்ளை என்போம். பிரெஞ்சில் நன்றாகப் பேசுவார். அன்று போனை வைத்துவிட்டு, தமிழில் ஒரே வரிதான் சொன்னார்.

"மூணு வாரத்துல தரலன்னா, லைன மூடிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான்."

லைனில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாதிப் பேருடைய அப்பாக்கள் மூடிப்போன பஞ்சாலைகளில் வேலை பார்த்தவர்கள். மூடுவது என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே ஒரே ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். அடாப்டருக்குள் கரண்ட் நுழைகிற பக்கத்தில் ஒரு கண்டன்சர் உண்டு. சுவரிலிருந்து கழற்றிய பிறகும் அதில் கொஞ்சம் கரண்ட் தங்கும். அந்த நேரத்தில் சுவரில் செருகுகிற உலோகப் பின்னைத் தொட்டால் கடிக்கும். கடிக்காமல் இருக்க, பக்கத்திலேயே ஒரு ரெசிஸ்டர் வைத்திருக்கிறோம். கழற்றிய ஒரு நொடிக்குள் அது எல்லாவற்றையும் வடித்துவிடும், அப்படி வடிய வேண்டும் என்பதும் ஒரு விதி. ஆனால் செருகியிருக்கும் நேரம் முழுக்க அந்த ரெசிஸ்டரும் கொஞ்சம் குடிக்கும். நாங்கள் வரம்பைத் தாண்டியது அந்தக் கொஞ்சத்தால்தான்.

செருகியிருக்கும்போது சும்மா இருந்து, கழற்றும்போது மட்டும் வேலை செய்கிற ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதுதான் சரியான வழி. அது வந்து சேர எட்டு வாரம் ஆகும் என்றார்கள். எங்களிடம் இருந்தது மூன்று வாரம். டிசைன் பார்த்தவர் ரெசிஸ்டரின் அளவைப் பத்து மடங்கு கூட்டினார். அளவு கூடினால் அது குடிப்பதும் குறையும், வடிப்பதும் மெதுவாகும். சும்மா குடிப்பது வரம்புக்குள் வந்துவிட்டது. மேனேஜர் லேபுக்கே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கழட்டின பிறகு வடியுதான்னு பாக்கணும் சார்," என்றேன்.

"பாத்துடுங்க மேடம். இன்னிக்கே."

அந்தச் சோதனைக்கென்று தனியாக ஒரு புரோப், அதாவது தொட்டு அளக்கிற முனை, உண்டு. தான் எதையும் இழுக்காமல் அளப்பது. அது அப்போது அளவு சரிபார்க்கிற காலிபிரேஷனுக்காகச் சென்னை போயிருந்தது. திரும்பி வர நான்கு நாள். கையில் இருந்தது சாதாரணப் புரோப். அதை வைத்து அளந்தேன். ஒரு நொடிக்குள் சுத்தமாக இறங்கிவிட்டது. தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அளக்கிற கருவியும் அந்தச் சுற்றில் ஒரு பாகம், அது தன் வழியாகவும் கரண்டை வடிக்கும் என்று டிப்ளமா இரண்டாம் வருஷத்திலேயே படித்திருக்கிறேன். பத்து மடங்கு கூட்டிய பிறகும் அவ்வளவு வேகமாக எப்படி வடிந்தது என்று கேட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டிய எண் கண்ணெதிரே நின்றது. வேண்டிய எண் வரும்போது யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை. வேண்டாத எண் வந்தால் பத்து தடவை அளப்போம்.

லைன் ஓட ஆரம்பித்தது.

மகேஸ்வரி வேலை பார்த்தது ஏஜிங் ரேக்கில். செய்து முடித்த அடாப்டர்களை நான்கு மணி நேரம் சூடேற ஓடவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் அடுக்குகிற வேலை. முப்பதைத் தாண்டாத பெண், வில்லியனூர் பக்கம். வீட்டுக்காரர் சரக்கு டெம்போ ஓட்டினார். சாப்பாட்டு நேரத்தில் கேரம் ஆடுவாள். எஸ்டேட்டில் ஆண்கள் உட்பட ஒருவரும் அவளை ஜெயித்ததில்லை. சிவப்புக் காயை விழவைத்துவிட்டுச் சிரிக்காமல் எழுந்து போவாள், தோற்றவர்களுக்கு அதுதான் பொறுக்காது.

லைன் ஓடத் தொடங்கிய மூன்றாவது நாள் லேப் கதவருகில் வந்து நின்றாள்.

"மேடம், கழட்டும்போது சுருக்குன்னு கடிக்குது."

"எந்த அடாப்டர்?"

"எதுன்னு சொல்ல முடியல மேடம். ஒண்ணு கடிக்குது, அடுத்தது கடிக்கல. ஒரு நாளைக்கு நாலு தடவ, அஞ்சு தடவ."

நான் அலட்சியமாக இருந்துவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அவளோடு ரேக்குக்குப் போனேன். பத்து அடாப்டரை அவள் கண்ணெதிரே கழற்றி, பின்னில் மீட்டரை வைத்தேன். பத்திலும் ஒன்றும் இல்லை.

"பாரு, ஒண்ணுமில்ல."

அவள் மீட்டரைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள். "ஆமா மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தாள். கட்டை விரலை வாயில் வைத்திருந்தாள். இந்தத் தடவை சூப்பர்வைசரும் கூடவே வந்தார். "எல்லாரும் ரேக்குல மாறி மாறி நிக்கிறாங்க மேடம். இந்தம்மாவுக்கு மட்டும்தான் கடிக்குதாம்," என்று சிரித்தார். மற்றவர்கள் பிளாஸ்டிக் உடம்பைப் பிடித்துக் கழற்றுவார்கள். மகேஸ்வரி பின்னோடு சேர்த்துப் பிடித்துத் தட்டில் வரிசையாக வைப்பாள், அதனால்தான் அவள் தட்டு மட்டும் அவ்வளவு ஒழுங்காக இருக்கும். இது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அன்று மறுபடியும் அளந்தேன். மறுபடியும் ஒன்றுமில்லை.

"காலைல சாப்டு வர்றியா?" என்று கேட்டேன்.

"சில நாளு இல்ல மேடம்."

"ரத்தம் கம்மியா இருக்கும். நரம்பு வீக்கா இருந்தாலும் இப்படி சுருக்கு சுருக்குன்னு இழுக்கும். டாக்டரப் பாரு."

எனக்குத் தெரிந்த ஒரு நரம்பு டாக்டரின் பெயரைச் சீட்டில் எழுதி நானே கொடுத்தேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் கொடுத்தேன். அவள் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு புகார் சொல்லவில்லை. கடிப்பது நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

சென்னையிலிருந்து புரோப் வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்து அலமாரியில் வைத்தேன். தேர்ச்சி பெற்ற சோதனையை மறுபடி செய்ய எனக்கு நேரமில்லை.

சரக்கு ஏற்றுவதற்கு ஆறு நாள் இருந்தது. சாப்பாட்டு மணி முடிந்து எல்லோரும் உள்ளே வந்த நேரம், ரேக் பக்கமிருந்து பெரிய சத்தம் கேட்டது. ஓடினேன். மேல் வரிசையைக் கழற்ற ஒரு இரும்பு ஸ்டூல் போட்டு ஏறுவார்கள். அந்த ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. மகேஸ்வரி தரையில் கிடந்தாள். வலது கை அவளுக்கு அடியில் மடங்கியிருந்தது. மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அவள் அழவில்லை. என் முகத்தைத் தேடிப் பிடித்துச் சொன்னாள்.

"மேடம், கடிச்சிடுச்சு. நெஜமாவே கடிச்சிடுச்சு மேடம்."

அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினோம்.

மறுநாள் காலை, ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே போய் ரேக்கைப் போட்டேன். சூடேறிய பிறகு, மீட்டரைத் தூர வைத்துவிட்டு, மகேஸ்வரி பிடிப்பது போல பின்னோடு சேர்த்துப் பிடித்துக் கழற்ற ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றுமில்லை. ஏழாவதும் எட்டாவதும் ஒன்றுமில்லை. எனக்குள் ஒரு நிம்மதி வந்ததை மறைக்க விரும்பவில்லை. நாம் தப்பு செய்யவில்லை, அவளுக்குத்தான் ஏதோ கோளாறு என்ற நிம்மதி.

ஒன்பதாவது அடாப்டர் முழங்கை வரைக்கும் இழுத்தது. கையிலிருந்து எகிறி விழுந்தது.

சுவரில் வருகிற கரண்ட் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. இறங்கிய கணத்தில் கழற்றினால் கண்டன்சரில் ஒன்றும் தங்காது. ஏறிய கணத்தில் கழற்றினால் முழுசாகத் தங்கும். அதனால்தான் ஒன்று கடித்தது, அடுத்தது கடிக்கவில்லை. அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. அலமாரியிலிருந்து சரியான புரோப்பை எடுத்து வைத்தேன். திரையில் கோடு ஒரு நொடிக்குள் இறங்கவில்லை. மெல்ல மெல்ல, பல நொடிகள் எடுத்து இறங்கியது. சாதாரணப் புரோப்பை வைத்தேன். சட்டென்று இறங்கியது. இத்தனை நாளும் கரண்டை வடித்துக்கொண்டிருந்தது என் கருவிதான். நான் தொட்ட அடாப்டரெல்லாம் நான் தொட்டதாலேயே நல்ல அடாப்டராகிவிட்டது.

மேனேஜரிடம் போனேன். என் ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறுவதாக எழுதி மேசையில் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். உடனே குடோனுக்குப் போன் போட்டார்.

"ஒரு பெட்டி கூட வெளிய போகக் கூடாது. எல்லாத்தையும் திரும்ப உள்ள கொண்டாங்க."

போனை வைத்தார். பிறகு விபத்துப் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். 'ஸ்டூலில் இருந்து கால் தவறி விழுந்தார். ஏற்கெனவே நரம்புத் தளர்ச்சி இருப்பதாகச் சொல்லி மருத்துவரிடம் அனுப்பப்பட்டவர்.' சூப்பர்வைசர் எழுதியிருந்தார். சாட்சிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"சார், இது..."

"அடாப்டர சரி பண்ணிடலாம் மேடம். சிப் வர்ற வரைக்கும் டைம் கேட்டு வாங்கிடுவேன். ஆனா ஷாக் அடிச்சு ஆள் விழுந்தாங்கன்னு எழுத்துல வந்துச்சுன்னா, அந்த வெளிநாட்டுக்காரங்க ஆர்டர மட்டும் இல்ல, நம்ம கம்பெனியவே தூக்கிடுவாங்க. இருநூறு குடும்பம். அந்தப் பொண்ணோட ஆஸ்பத்திரி செலவு முழுக்க நம்மோடது. அவளுக்கு ஒரு குறையும் வராது."

நான் இருநூறு குடும்பங்களை நினைத்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. கையெழுத்துப் போட்டால் என் பழைய கையெழுத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்பதையும் நினைத்தேன். போட்டேன்.

சிப் வந்தது. அடாப்டர் இரண்டு விதியிலும் நேர்மையாகத் தேறியது. இன்று உங்கள் மேசைக்கு வருவது அந்த டிசைனின் பிள்ளைகள்தான். வாடிக்கையாளர் பாராட்டிக் கடிதம் எழுதினார். ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். லைனில் இருந்தவர்களிடம் டிசைனை மாற்றியது வாடிக்கையாளரின் விருப்பம் என்று சொல்லியிருந்தார்கள். இடையில் இரண்டு மாதம் லைன் நின்றது. அந்த ராசி கெட்டவள் விழுந்த நாளிலிருந்துதான் எல்லாம் நின்றது என்று கேண்டீனில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

மகேஸ்வரி திரும்பி வரவில்லை. எலும்பு சேர்ந்தது, பிடி வரவில்லை. மூன்று விரல் மடங்காது. அவளுடைய பொருள்களை எடுத்துப் போக வீட்டுக்காரர் வந்திருந்தார். டிபன் பை, ஒரு ஜோடி செருப்பு, கேரம் ஸ்ட்ரைக்கர். ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது இங்கேயே இருக்கட்டும் மேடம்," என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். அவர் எதிரே நின்றிருந்தார், அறையில் வேறு யாரும் இல்லை. சொல்லவில்லை.

ஐந்து வருஷம் போனது. நான் ஓய்வு பெற ஏழெட்டு மாதம் இருந்தபோது, நெல்லித்தோப்பு பக்கம் ஒரு மருந்துக் கடையில் பிரஷர் மாத்திரை வாங்க நின்றிருந்தேன். முன்னால் நின்ற பெண் இடது கையால் பையைத் திறக்கத் தடுமாறிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மேடம்! நல்லாருக்கீங்களா?"

இளைத்திருந்தாள். கண் கொஞ்சம் தூக்கக் கலக்கமாக இருந்தது. கடைக்காரர் அவள் முன்னால் வைத்த மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன்.

"இது என்னா மகேஸ்வரி?"

"நரம்புக்கு மேடம். நீங்க எழுதிக் குடுத்தீங்களே ஒரு டாக்டரு, அவருதான். கை சரியானதும் போய்ப் பாத்தேன். கடிக்கிறது, இழுக்கிறது எல்லாம் சொன்னேன். அன்னிலேர்ந்து விடாம சாப்பிடறேன். அதுக்கப்புறம் ஒரு தடவ கூட கடிக்கல மேடம், நல்ல மாத்திரை."

கடையை ஒட்டி ஒரு பெஞ்சு இருந்தது, அவளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாத்திரை சாப்பிட்டால் மதியம் வரைக்கும் மயக்கமாக இருக்குமாம். சூடான பாத்திரத்தை அவள் இறக்குவதில்லை, வீட்டுக்காரர்தான் இறக்குவார். தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஒன்றரை வயது. இன்றுவரைக்கும் தூக்கியதில்லை.

"எப்ப இழுக்கும்னு தெரியாதே மேடம். கொழந்தையக் கீழ போட்டுட்டா?"

அங்கேயே சொன்னேன். புரோப்பைப் பற்றி, ஒன்பதாவது அடாப்டரைப் பற்றி, பதிவேட்டைப் பற்றி, எதையும் விடாமல். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நான் முடித்ததும் அவள் கேட்டாள்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லியா?"

"ஒண்ணுமே இல்ல. அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல. கடிச்சது நெஜம்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீ விழுந்த மறுநாளு காலைலேர்ந்து."

அவள் மாத்திரைப் பையைத் திறந்தாள், மூடினாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கை போனது கூடப் பரவால்ல மேடம். மேலேர்ந்து விழுந்தா ஒடையும்தான். ஆனா நான் சொன்னது பொய்யின்னு நானே நம்பிட்டேனே. எங்க வீட்டுக்காரு நம்பல, மாமியாரு நம்பல, கடைசில நானும் நம்பல."

அடுத்த வாரம் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். பழைய மேனேஜர் அதற்குள் பிரான்சுக்கே போய்விட்டார். புதிதாக வந்தவர் கொஞ்சம் தயங்கினார், ஆனால் தடுக்கவில்லை. பழைய வரியை அடிக்காமல், அதன் கீழே நடந்ததை எழுதித் தேதி போட்டேன். அதையே ஒரு கடிதமாகத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு வில்லியனூர் போனேன். அவளைப் பார்த்த வேறொரு டாக்டர் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும் என்று சொல்லியிருந்தார். தனக்கு இல்லாத நோயிலிருந்து குணமாக அவளுக்கு இன்னும் சில மாதம் தேவைப்பட்டது.

வீட்டுக்காரர் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். மாமியார் கதவைப் பிடித்தபடி நின்று கேட்டார். படித்து முடித்ததும் யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். மகேஸ்வரி மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லேப் கதவருகில் யாராவது வந்து நின்று ஒரு சின்னக் குறையைச் சொன்னால், மீட்டரை எடுப்பதற்கு முன்னால் அவர்கள் எப்படிப் பிடிக்கிறார்களோ அப்படியே நீங்களும் பிடித்துப் பாருங்கள். தப்பு நடந்தால் ரிப்போர்ட்டைத் திருத்துவதோடு நிறுத்தாதீர்கள். அடாப்டருக்கு நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், ஒரே நாளில். மனுஷிக்குச் சொல்ல எனக்கு ஐந்து வருஷம் ஆனது.

அன்று வில்லியனூரில் அவள் வீட்டிலிருந்து நான் கிளம்பித் தெருவில் இறங்கிய பிறகு மகேஸ்வரி பின்னாலேயே வந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அந்த அடாப்டரு, கடிக்கிறது, அதெல்லாம் வெளிய போச்சா? கொழந்தைங்க இருக்கற வீட்டுக்கு?"

"இல்ல மகேஸ்வரி. ஒண்ணு கூடப் போகல. அத்தனையும் குடோன்லேர்ந்தே திருப்பிட்டாங்க."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒன்றுகூடப் போகவில்லை என்பது உண்மை. அவள் விழாமல் இருந்திருந்தால் அத்தனையும் போயிருக்கும்.